கொக்குத்திட்டிக்குப் போன ஞாயிறு

ஸ்கந்தபுரம்
18.01.2024

மரியநேசன் அவர்களுக்கு,

உங்கள் நலம் கேட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் வீரம்மா. டிசெம்பர் பதினேழாம் திகதி உங்கள் வள்ளத்தில் ஏறிக் கொக்குத்திட்டித் தீவுக்குப் போய், உயிரோடு திரும்பி வராத சிவதர்சினியின் அம்மா.

முந்தநாள் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடித்தோம். வந்த சனம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய்விட்டது. அழுகிறதற்கும் ஒரு நாள் கணக்கு இருக்கிறது போல. இனி எல்லாரும் என்னைப் பார்த்து, "என்ன செய்யிறது, நடந்தது நடந்திட்டுது" என்றுதான் சொல்வார்கள். அதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

அன்றைக்கு முகத்துவாரத்தை வெட்டினார்கள் என்று பொலிஸ் ஐயா சொன்னார். மழைக்குக் களப்பு நிரம்பி வயலுக்குள் ஏறினால், களப்புக்கும் கடலுக்கும் நடுவில் நிற்கிற மணலை வெட்டித் தண்ணியைக் கடலுக்கு விடுவார்களாம். வெட்டினால் களப்புக்குள் பெரிய இழுப்பு வருமாம். அதனால் முதலே கடற்கரை ஆட்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் வெட்டுவது வழக்கமாம். அந்த நாளில் தொழிலாளி ஒருவனும் வள்ளம் இறக்க மாட்டானாம். எங்களுக்கு இதெல்லாம் புதிது. என் அப்பா மலையில் தேயிலைக் கொழுந்து மூட்டை சுமந்தவர். வன்னிக்கு வந்து குளத்துத் தண்ணியைக் கண்டோம். கடல் தண்ணி எங்களுக்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரியும். "வெட்டப்போகினம் எண்டு எனக்குச் சொன்னவை, நான்தான் கணக்கெடுக்கேல்லை" என்று நீங்களே பொலிசில் எழுதிக் கொடுத்தீர்களாம்.

தெரிந்தும் ஏன் என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்? உங்கள் மகள் நிதர்சனாவும் அந்த வள்ளத்தில்தானே இருந்தாள்? இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கோ.

வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். என் மனிசன் சிவராசாவுக்கு உங்கள் பெயரைக் கேட்டாலே கத்தி தேடும் கோபம். வீட்டில் இருக்கிற ஒரு போனும் அவர் சட்டைப்பையில்தான். நான் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். அங்கே ஜெகதீஸ்வரி ரீச்சரின் பெயருக்கு எழுதினால் எனக்குக் கிடைக்கும்.

வீரம்மா


வவுனியா மறியற்சாலை
02.02.2024

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஓம், பொலிசில் நான் சொன்னதுதான். பிழை என்னுடையது. வேறு ஒருவருக்கும் அதில் பங்கில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீங்கள் தரவேண்டி வரும், இல்லாவிட்டால் மறுக்கவேண்டி வரும். இரண்டும் உங்களுக்குத்தான் பாரம். பிணை எடுக்க ஆள் வந்தது, நான்தான் வேண்டாம் என்றேன். கோர்ட் என்ன தருகிறதோ அதை வாங்கிக்கொள்வேன்.

ஏன் கூட்டிக்கொண்டு போனேன் என்று கேட்டீர்கள். பிள்ளைகள் கேட்டார்கள், போனேன். இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

ம. மரியநேசன்


ஸ்கந்தபுரம்
15.02.2024

மரியநேசன் அவர்களுக்கு,

அரைப் பக்கத்தில் என் பிள்ளையை முடித்துவிட்டீர்கள். கடைக்குச் சாமான் எழுதுகிற துண்டுகூட இதைவிட நீளம்.

சரி, ஏன் என்பதை விடுங்கோ. எப்படி என்று சொல்லுங்கோ. பத்தொன்பது வயதுப் பிள்ளை. கிழமைக்கு ஆறு நாள் ஆடைத் தொழிற்சாலையில் குனிந்தபடி கொலர் தைத்தாள். உங்கள் மகளோடு சிநேகிதமானதும் அங்கேதான். ஞாயிறு வந்தால் பாய்க்குள்ளே கிடப்பாள். அவள் தானாக எழும்புகிறது ஒரு விசயத்துக்குத்தான். அவள் அண்ணன் சஜீவன் மண் வெட்டுகிற பெக்கோ மெசின் ஓடுகிறவன். அந்த மெசினுக்கு ஒரு ஓட்டைச் சைலன்சர். அது சந்தி திரும்பும்போதே சத்தத்தைக் கண்டுபிடித்து, "அம்மா, அண்ணாட மெசின் வருது" என்று தேத்தண்ணிக்குக் கேத்தில் வைப்பாள். இந்தச் சந்தியால் ஒரு நாளைக்குப் பத்து மெசின் போகும், ஒரு நாளும் பிழைத்ததில்லை.

அந்த ஞாயிறு அவள் பாயில் கிடக்கவில்லை. அண்ணனுக்கு முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பாலத்துக்கு மண் போடுகிற வேலை என்று அவனோடு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டாள். நிதர்சனா வீட்டில் இருந்து கதைத்துவிட்டுப் பின்னேரம் அவனோடேயே திரும்புகிறதாகச் சொன்னாள். தீவைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன், அது அவளுக்கும் தெரியும்.

பிள்ளையைக் கொண்டுவந்தவனும் சஜீவன்தான். வந்ததில் இருந்து அவன் வாயே திறப்பதில்லை. கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. அவள் அங்கே சிரித்தாளா? என்ன சாப்பிட்டாள்? கடைசியாக என்ன சொன்னாள்? ஒன்றையும் விடாமல் எழுதுங்கோ. என் பிள்ளையின் கடைசி நாள் உங்களிடம் இருக்கிறது. அதை நீங்கள் வைத்துக்கொள்ள ஏலாது.

வீரம்மா


வவுனியா மறியற்சாலை
01.03.2024

அம்மாவுக்கு,

இதை எழுத எனக்கு எட்டு நாள் எடுத்தது. நீங்கள் கேட்டது நியாயம்.

ஒன்பது மணி போல உங்கள் மகன் அவளை எங்கள் வாசல் படலையில் இறக்கிவிட்டுப் போனார். நாங்கள் பூசைக்குப் போய் அப்போதுதான் வந்திருந்தோம். மூன்று நாள் மழை விட்டு, நல்ல வெயில். என் மனிசி மார்கிறட் பிட்டு அவித்துக் கொடுத்தாள். சாப்பிடும்போதே நிதர்சனா திட்டிக்குப் போவோம் என்று தொடங்கிவிட்டாள். உங்கள் பிள்ளை வாயால் கேட்கவில்லை. பிட்டைப் பிசைந்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு "இல்லை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தீவு என்றால் பெரிதாக நினையாதேங்கோ. ஒரு வயல் துண்டளவு மணல். சுற்றிவரக் கண்டல் மரம், நடுவில் நாலு தென்னை. கொக்கு எச்சத்தில் இலையெல்லாம் வெள்ளை. எங்களுக்கு அது வலை காயப்போடுகிற இடம். அவளுக்கு அது வேறு நாடு.

போகும்போது முதலில் வள்ளத்தின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பாதித் தூரத்தில் பயம் போய்விட்டது. தான்தான் கோல் ஊன்றுவேன் என்று நின்றாள். சேற்றில் குத்தினாள். கோல் அங்கேயே நின்றுவிட்டது, வள்ளம் இங்கே வந்துவிட்டது. நான் நீந்திப்போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். "அங்கிள், உங்கட கோலுக்கு என்னைப் பிடிக்கேல்லை" என்றாள். நிதர்சனா சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடியது. அம்மா, ஓம், சிரித்தாள். அன்றைக்கு முழுக்கச் சிரித்தாள்.

திட்டியில் ஒரு பழைய வள்ளம் மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கிறது. அதன் முன்பக்க அணியத்தில் ஏறி நின்றுகொண்டு, பஸ் கொண்டக்டர் மாதிரி, "கிளிநொச்சி, அக்கராயன், ஸ்கந்தபுரம், ஏறு ஏறு" என்று கூவினாள். கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. "ஒருத்தரும் ஏறேல்லை, எல்லாரும் பறந்திட்டினம்" என்றாள். கண்டல் வேருக்குள் கையை விட்டு நண்டு பிடித்தாள், நண்டும் அவளைப் பிடித்தது. விரலில் இரத்தம் வர அதையும் எனக்குக் காட்டிப் பெருமைப்பட்டாள்.

மீன் சுட்டோம். அவளுக்கு ஒன்று கொடுத்தேன், இன்னொன்று கேட்டாள். "நாளைக்குத் திருவெம்பா விரதம் தொடங்குது, அம்மா மச்சம் கண்ணிலையும் காட்டமாட்டா, இண்டைக்கே திண்டு வைக்கவேணும்" என்றாள். இரண்டு மீனையும் முள்ளு மட்டும் மிச்சம் வைத்துச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டபிறகு வள்ளத்தை ஒரு கண்டல் வேரில் கட்டிவிட்டுத் தென்னை நிழலில் நான் கண் அயர்ந்துவிட்டேன். பிள்ளைகள் சிப்பி பொறுக்கினார்கள். நிதர்சனா வந்து எழுப்பும்போது மூன்று மணி இருக்கும். வள்ளம் சேற்றில் சரிந்து கிடந்தது. தண்ணி வற்றியிருந்தது.

நானும் நிதர்சனாவும் வள்ளத்தைத் தள்ளினோம். உங்கள் பிள்ளை முன்னுக்கு இறங்கி நடந்தாள். "நில்லு பிள்ளை" என்று கத்தினேன். "எங்கட குளத்தில தண்ணி வத்தினா நடந்துதான் அங்கால போவம் அங்கிள்" என்றாள். குளத்துத் தண்ணி வற்றினால் அது நிலம். களப்புத் தண்ணி வற்றும்போது அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற வாய்க்கால் மேலே தெரியாது. முழங்கால் தண்ணியில் நின்ற பிள்ளை அடுத்த அடியில் இல்லை. நான் பாய்ந்தேன். என் கைக்கு அவளுடைய ஒரு செருப்புத்தான் வந்தது.

கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ம. மரியநேசன்


ஸ்கந்தபுரம்
14.03.2024

மரியநேசன் அண்ணைக்கு,

அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு உங்கள் கடிதத்தை வாசித்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. ரீச்சர் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்துச் சமாளித்தா. மகள் இரண்டு மீன் சாப்பிட்டாள் என்கிற இடத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் போன நாளில் இருந்து, பசியோடு போனாளோ என்பதுதான் எனக்கு. உங்களுக்கு நன்றி சொல்ல என் வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

இனி நான் சொல்வதைக் கேளுங்கோ. எனக்குக் கடல் தெரியாது, மனிசரைத் தெரியும்.

முகத்துவாரம் வெட்டுவார்கள் என்று தெரிந்த ஆள், வள்ளத்தை ஒரு வேரில் கட்டிவிட்டு நித்திரை கொள்வானா? அதுவும் சொந்த மகளையும் வைத்துக்கொண்டு? குளம் நிரம்பி வான் பாயும் என்று தெரிந்தால் நான் என் ஆட்டுக்குட்டியைக்கூட அலைகரையில் கட்டமாட்டேன். நீங்கள் நாற்பது வருசம் களப்பில் தொழில் செய்தவர் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

உங்களுக்குத் தெரியாது, அண்ணை. உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொன்னார்கள் என்று நீங்கள் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், உங்கள் புளுகு மூன்று மாதம் நின்றுவிட்டது. யாரைக் காப்பாற்றுகிறீர்கள்? உங்கள் மகன் றொமேசையா? உங்கள் மீன்பிடிச் சங்கத்துக்காரரையா? சொல்லாமல் வெட்டினவன் எவனோ அவன்தான் என் பிள்ளையைக் கொன்றவன். அவன் பெயர் எனக்கு வேண்டும். ஒரு நாளைக்கு அவன் வீட்டுப் படலையில் போய் நின்று மண் அள்ளித் தூற்றாவிட்டால் என் மனம் ஆறாது.

வீரம்மா


முல்லைத்தீவு
25.03.2024

தங்கச்சி வீரம்மாவுக்கு,

நான் இப்போது வீட்டில் இருக்கிறேன். மார்கிறட் என் சொல்லைக் கேட்காமல் ஆள் பிடித்துப் பிணை எடுத்துவிட்டாள். மே இருபதாம் திகதி கோர்ட். குற்றத்தை ஒப்புக்கொள்வதாகச் சட்டத்தரணியிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கே தீர்ப்பு வரும் என்கிறார்.

என் மகனுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அவன் அன்றைக்கு மன்னாரில் நின்றவன்.

இதற்கு மேல் தோண்டாதேங்கோ. தோண்டினால் உங்களுக்கு ஆறுதல் வரும் என்று நினைக்கிறீர்கள். வராது. மண் அள்ளித் தூற்றுகிற கதையை இனி எழுதவேண்டாம். தூற்றித்தான் ஆகவேண்டும் என்றால் என் படலைக்கு வாருங்கோ.

அந்தச் செருப்பு பொலிசில் இருக்கிறது. வழக்கு முடிய உங்களிடம் தருவார்கள்.

ம. மரியநேசன்


ஸ்கந்தபுரம்
17.04.2024

அண்ணைக்கு,

நான் தோண்டவில்லை. அது தானாக என் படலைக்கு வந்தது.

வருசம் பிறந்து இரண்டாம் நாள், சஜீவனின் முதலாளி முத்துலிங்கம் வந்தார். மெசினின் சொந்தக்காரர். சஜீவன் வேலைக்கு வராமல் நாலு மாதம். அவர் நல்ல மனிசன், அவனைத் தேடி ஆறுதல் சொல்லத்தான் வந்தார். போகும்போது என்னிடம், "தம்பி முகத்துவாரம் வெட்டின நாளோட மெசினை விட்டவன்தான், அதுக்குப் பிறகு ஏறேல்லை. நீங்கள்தான் அக்கா வரச் சொல்லவேணும்" என்றார். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துச் சொன்னார், பாவம்.

நான் தலையாட்டினேன். அவருக்குத் தேத்தண்ணியும் கொடுத்தேன். அவர் போனபிறகு கிணற்றடிக்குப் போனேன். சஜீவன் துலாவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். தண்ணி அள்ளவில்லை. "பாலத்துக்கு மண் போடுற வேலை எண்டு சொன்னாய்" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். அவன் அப்படியே ஈர நிலத்தில் குந்திவிட்டான்.

"திங்கட்கிழமை வெட்டுறது எண்டுதான் கதை அம்மா. கடற்கரை ஆக்களும் வயல்காரரும் கூட்டத்தில கதைச்சு முடிவெடுத்தது. பாலத்து வேலை முடிய ஞாயிறே மெசினை அங்க கொண்டுபோய் நிப்பாட்டச் சொன்னவை. பதினொரு மணிக்கு வயல்காரர் நாலு பேர் வந்தினம். பயிர் முழுக்கத் தண்ணிக்க நிக்குது, இண்டைக்கே வெட்டு எண்டினம். கடற்கரை ஆக்களுக்குச் சொல்லியாச்சோ எண்டு கேட்டனான். சத்தியமாக் கேட்டனான் அம்மா. சொல்லியாச்சு எண்டினம். அவள் வள்ளத்தில போவாள் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை."

வெட்டி முடித்துவிட்டு மெசினிலேயே இருந்து தண்ணி பாய்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். நீலமாக ஏதோ வந்ததாம். யூரியாப் பை என்று நினைத்தானாம். அந்த நீலச் சட்டை போன தீபாவளிக்கு அவன் வாங்கிக் கொடுத்தது.

உங்களுக்கு இது முதலே தெரியும். உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று நீங்கள் சொன்னால், சொல்லாமல் வெட்டியது யார் என்று பொலிஸ் தேடும். தேடினால் என் மகன் வருவான். அதற்காகத்தான் அந்தப் பொய். முன்பின் தெரியாத என் பிள்ளைக்காக நீங்கள் மறியலில் கிடந்தீர்கள், நான் உங்களுக்குச் சாபம் போட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மண் அள்ளித் தூற்றுவேன் என்றேனே, யார் படலையில்? என் படலையில்தான் நான் தூற்றவேண்டும்.

இதை நான் கோர்ட்டில் சொல்வேன். இருபதாம் திகதி எழும்பி நின்று சொல்வேன்.

வீரம்மா


முல்லைத்தீவு
28.04.2024

தங்கச்சிக்கு,

சொல்லவேண்டாம்.

நான் நீந்திக் கரை சேர்ந்து முகத்துவாரத்துக்கு ஓடினபோது சஜீவன் தன் தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு மணலில் இருந்தார். பின்னால் மெசின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிற்பாட்ட ஒருவருக்கும் கை வரவில்லை. அந்த நாலு வயல்காரரில் ஒருவரையும் காணவில்லை. சஜீவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்குச் சொன்னவைதானே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஓம் என்றேன். பொலிஸ் வந்து கேட்டபோதும் அதே ஓம்தான். ஒருமுறை சொல்லியாயிற்று, மாற்ற மனம் வரவில்லை.

என்னைப் பெரிய மனிசனாக்காதேங்கோ. நீங்கள் அறியாத ஒன்று இருக்கிறது. சாப்பிட முன்னரே கண்டல் வேரில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. தண்ணி இறங்குகிற அடையாளம். அவர்கள் திங்கள் என்றுதானே சொன்னார்கள், இது காற்று தள்ளுகிறது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். களப்பில் வளர்ந்தவன் நினைக்கக்கூடாத நினைப்பு அது. அதற்குச் சட்டத்தில் தண்டனை இல்லை. ஆகவே பொலிசில் எழுதிக் கொடுத்ததற்கு வாங்கிக்கொள்கிறேன். வாங்கினால்தான் நான் திரும்ப அந்தத் தண்ணியில் கை நனைக்கலாம்.

நீங்கள் சொன்னால் என்ன நடக்கும்? "சொல்லியாச்சு" என்றவர்கள் நாலு பேரும் தாங்கள் அப்படிச் சொல்லவேயில்லை என்பார்கள். மெசினில் இருந்தவன் ஒருவன்தான் மிஞ்சுவான். ஒரே தண்ணியில் இரண்டு பிள்ளைகளைக் கொடுக்காதேங்கோ.

மரியநேசன்


ஸ்கந்தபுரம்
12.05.2024

அண்ணைக்கு,

நான் சொல்லத்தான் போகிறேன். சஜீவனிடமும் சொல்லிவிட்டேன். "சொல்லுங்கோ அம்மா, நான் போறன்" என்றான். அதைச் சொன்ன பிறகு ஐந்து மாதத்தில் முதல்தரம் கோப்பை நிறையச் சோறு சாப்பிட்டான். அவனுக்கும் அதுதான் வேண்டும் போல.

ஒரு குற்றமும் செய்யாத மனிசன் என் வீட்டுக்காக உள்ளே இருக்க, நான் இங்கே உலை வைத்து இறக்கிச் சாப்பிட ஏலாது. சிவராசாவுக்கு இன்னும் தெரியாது. அன்றைக்குக் கோர்ட்டில் எல்லாரோடும் சேர்ந்து அவரும் கேட்கட்டும். சொல்லவேண்டியதைப் பாடமாக்கிவிட்டேன். மூன்று வசனம்தான்.

வீரம்மா


முல்லைத்தீவு, உங்கள் வீடு
23.06.2024

அண்ணைக்கு,

இதை நான் தபாலில் போடவில்லை. உங்கள் வீட்டுக் குசினிக் கதிரையில் இருந்து எழுதுகிறேன். மார்கிறட் அக்கா அலுமாரியில் வைத்துப் பூட்டுவா. ஒரு வருசம் முடிந்து நீங்கள் வருகிற அன்று எடுத்துத் தருவா. அதுவரை நீங்கள் இதை வாசிக்க மாட்டீர்கள் என்பதால்தான் எனக்கு எழுதத் துணிவு வந்தது.

இருபதாம் திகதி நடந்ததை நீங்கள் கண்டீர்கள். ஆனாலும் என் பக்கத்தில் நடந்ததை நான் சொல்லவேண்டும்.

"இறந்த பிள்ளையின் தாய் ஏதும் சொல்ல விரும்புறாவோ" என்று நீதவான் ஐயா கேட்டார். நான் எழும்பினேன். மூன்று வசனமும் நாக்கில் நின்றது. அப்போது சஜீவன் என் சேலைத் தலைப்பைப் பிடித்தான். இழுக்கவில்லை, சும்மா பிடித்தான். சின்ன வயதில் மல்லாவிச் சந்தையில் சனத்துக்குள் தொலைந்துவிடுவேன் என்று பயந்து பிடிப்பான், அதே பிடி. தான் பிடித்தது அவனுக்கே தெரிந்திருக்காது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒண்டுமில்லை ஐயா" என்றேன்.

குற்றவாளிக் கூட்டுக்குள் நின்ற நீங்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள். நல்லது செய்தாய் என்பது போல. அண்ணை, நீங்கள் காறித் துப்பியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சிவராசா, "அவனுக்கு ஒரு வருசம் காணாது" என்றார். நான் அவருக்குச் சோறு போட்டேன். உலை வைக்க ஏலாது என்று எழுதினேனே, வைத்தேன், இறக்கினேன், நானும் சாப்பிட்டேன். நான் கோழை. ஒரு பிள்ளைக்காக மற்றதின் நீதியை விற்றவள். இதை வேறு எப்படிச் சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறு மாதம் ஆன அன்று, போன திங்கட்கிழமை, உங்கள் நிதர்சனா தனியாக பஸ் எடுத்து முன்பள்ளிக்கு வந்தாள். வழக்கு முடிந்து பொலிசில் கொடுத்த செருப்பைக் கழுவிக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தாள். மெலிந்துபோனாள் பிள்ளை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபிறகு என் மடியில் தலை வைத்து அழுதாள். பிறகு, "அன்ரி, அப்பா ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டவர், ஆனா எனக்கு உள்ளுக்க வைச்சிருக்க ஏலாமக் கிடக்கு" என்றாள்.

என் பிள்ளை கடைசியாக ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினீர்கள். சொல்லியிருக்கிறாள்.

வள்ளம் சேற்றில் இறுகி உங்கள் இருவராலும் அசைக்க முடியவில்லையாம். அந்த நேரம் பார்த்துக் காற்று அடங்கி விழுந்ததாம். காற்று விழ, தூரத்தில் சத்தம் கேட்டதாம். அவள் நிமிர்ந்து காதைக் கொடுத்துக் கேட்டாளாம். பிறகு முகமெல்லாம் சிரிப்பாம்.

"அது எங்கட அண்ணாட மெசின்! நில்லுங்கோ, நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். அவன் வந்தா இழுத்துத் தருவான்."

சொல்லிவிட்டுக் கையில் செருப்பை எடுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைப் பார்த்து நடந்தாளாம்.

இதைத்தான் நீங்கள் ஒளித்தீர்கள். பொலிசுக்கு ஒளித்ததைவிட எனக்கு ஒளித்தது பெரிது. இப்போது விளங்குகிறது, ஏன் தோண்டாதே என்று எழுதினீர்கள் என்று. இனி அது என்னிடம் இருக்கிறது. நிதர்சனாவிடம், "என்னட்டைச் சொல்லிப்போட்டாய், இனி நீ சுமக்கத் தேவையில்லை, சாப்பிடு" என்று சொல்லிச் சோறு குழைத்துத் தீத்திவிட்டேன். ஒரு மாதத்துக்கு ஒருக்கால் இங்கே வந்து அவளையும் அக்காவையும் பார்த்துக்கொண்டு போவேன். அதைத் தவிர உங்களுக்குச் செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை.

சஜீவனுக்கு இதை நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். தங்கச்சி மெசினைக் கண்டுபிடித்தாளா, சத்தம் கேட்டதா என்று அவன் எப்போதாவது கேட்பான். எனக்குத் தெரியும், கேட்பான். காற்று மறுபக்கம் அடித்தது, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்வேன். உங்களைப் போலவே முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

நேற்று அவன் வேலைக்குப் போனான். நான்தான் போகச் சொன்னேன். முத்துலிங்கம் மெசினை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விட்டிருந்தார். ஏறி இருந்து கனநேரம் திறப்பைத் திருகாமல் இருந்தான். பிறகு திருகினான். சைலன்சரை இன்னும் மாற்றவில்லை. சந்தி திரும்பும் வரைக்கும் கேட்டது, திரும்பின பிறகும் கேட்டது.

பின்னேரம் அந்தச் சத்தம் திரும்ப வந்தபோது நான் எழும்பிப் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தேன்.

வீரம்மா